மூக்குக்குத் தெரிந்தது, வானத்துக்குத் தெரியவில்லை

காற்றை வாசித்த கதை – 17

சென்ற வாரம் மூவாரில் நிறுத்தியிருந்தோம். 2013 ஜூன் 23 காலை. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746. மூவாருக்கும் லேடாங்கிற்கும் அவசரகாலம் அறிவித்தாகிவிட்டது. எதிர்வீட்டு வாசல் தெரியாமல் நாம் கீழே இருமிக்கொண்டிருந்தபோது, மேலே சுற்றிய துணைக்கோள்களுக்கு எல்லாம் தெரிந்தது. சுமத்ராவில் எந்த நிலம் எரிகிறது, காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது, நாளைக்குப் புகை யார் தலைமேல் நிற்கும் என்று படம் போட்டுக் காட்டின.

அந்த வெற்றியைப் படித்துவிட்டு வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "அப்படியானால் பாசிர் கூடாங்கில் ஏன் எதுவும் தெரியவில்லை?" இந்த அத்தியாயமே அந்தக் கேள்விக்காகத்தான்.

பாசிர் கூடாங்கை அறியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஜொகூர் நீரிணையை ஒட்டிய ஊர். எதிர்க்கரையில் சிங்கப்பூர். 1977இல் ஜொகூர் துறைமுகம் இங்கே வந்தது. அதன் பின்னால் சுத்திகரிப்பாலைகள், இரசாயனத் தொழிற்சாலைகள், பாமாயில் தொட்டிகள் எல்லாம் வரிசை கட்டின. 2019 வாக்கில் சுமார் 2,000 தொழிற்சாலைகள். அவற்றில் ஏறக்குறைய 250 இரசாயனத் தொழிற்சாலைகள். வேலை இருக்கும் இடத்தில்தானே வீடும் இருக்கும்? தாமான்கள் எழும்பின, பள்ளிகள் வந்தன. சுற்றுவட்டாரத் தோட்டங்களை விட்டு வெளியேறிய தமிழ்க் குடும்பங்களும் மாசாயிலும் பாசிர் கூடாங்கிலும் குடியேறின. ரப்பர் பால் வாளியைக் கீழே வைத்துவிட்டு ஷிப்ட் அட்டையைக் கையில் எடுத்த தலைமுறை அது.

2019 மார்ச் 7, விடியாத நேரம். ஒரு டேங்கர் லோரி கிம் கிம் ஆற்றங்கரையில் நின்று, வயிற்றில் இருந்ததை ஆற்றில் இறக்கிவிட்டுப் போனது. 20 முதல் 40 டன் வரை இருக்கலாம் என்று பிறகு பேசப்பட்டது. பொழுது விடிந்து பள்ளி மணி அடித்தது. தாமான் பாசிர் பூத்தே தேசியப் பள்ளியிலும் பக்கத்து இடைநிலைப்பள்ளியிலும் பிள்ளைகளுக்கு மூச்சு முட்டியது, தலை சுற்றியது, வாந்தி வந்தது. பள்ளியை மூடினார்கள். சில நாள் கழித்து, அடங்கிவிட்டது என்று நினைத்த நேரத்தில், மார்ச் 11 அன்று இரண்டாவது அலை வந்தது. முதலாவதைவிடப் பெரியது. கொளுத்தும் வெயிலில் ஆற்றில் கிடந்த சரக்கு ஆவியாகிக்கொண்டே இருந்திருக்கிறது. மார்ச் 13 அன்று மாவட்டத்தின் 111 பள்ளிகளும் மூடப்பட்டன. மறுநாள் பிரதமர் மகாதீர் நேரில் வந்தார். உள்ளரங்கு மைதானம் ஒன்று மருத்துவ முகாமாக மாறியது. கடைசிக் கணக்கில் சிகிச்சை பெற்றவர்கள் 2,775 பேர் என்று பதிவாயிற்று.

ஆற்றில் மாசுபட்ட பகுதியின் நீளம் சுமார் ஒன்றரை கிலோமீட்டர். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் கழித்துத் தேவைப்படும்.

மருத்துவமனைகளில் எல்லாரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: என்ன வாயு? பெயர் தெரிந்தால்தான் மருத்துவருக்கு எதைக் கவனிப்பது என்று தெரியும், தீயணைப்புக்காரருக்கு எந்தக் கவசம் போடுவது என்று தெரியும், தாய்க்குச் சன்னலை மூடுவதா திறப்பதா என்று தெரியும். முதல் நாட்களில் மீத்தேன், பென்சீன் என்ற பெயர்கள் அடிபட்டன. பிறகு பட்டியல் நீண்டது: அக்ரோலின், அக்ரிலோநைட்ரைல், ஹைட்ரஜன் குளோரைடு, டொலுயீன், சைலீன், எத்தில்பென்சீன், லிமோனீன். அமைச்சர் யோ பீ யின் அறிவிப்புகளில் வந்த இந்தப் பெயர்களை அதற்கு முன் ஊரில் யாரும் வாயால் உச்சரித்திருக்க மாட்டார்கள்.

பெயர்தான் புதிது. பட்டியலின் முதல் ஆள் நம் வீட்டு அடுப்பங்கரைக்கு அடிக்கடி வந்து போகிறவர். அப்பளம் பொரிக்க எண்ணெயை வைத்துவிட்டுத் தொலைபேசியில் பேசப் போய்விடுகிறோம். திரும்பி வரும்போது சட்டியிலிருந்து நீலப்புகை, கண்ணில் நீர் கொட்டுகிறது, தொண்டை கமறுகிறது. அந்தக் கமறலுக்குப் பெரும்பங்கு காரணம் அக்ரோலின். எண்ணெயில் உள்ள கிளிசரால் சூட்டில் உடைந்து பிறப்பது. முதல் உலகப் போரில் பிரெஞ்சுப் படை இதைக் குண்டில் அடைத்து வீசியிருக்கிறது. வேலையிடத்தில் இதற்கு அனுமதிக்கும் உச்ச அளவு பத்து இலட்சத்தில் 0.1 பங்கு, 2 பங்கானால் உயிருக்கு ஆபத்து. சட்டியளவில் வந்தால் சன்னலைத் திறந்து சமாளிக்கலாம், ஆற்றளவில் வந்தால் எந்தச் சன்னலைத் திறப்பது?

சரி, வாசகரின் கேள்விக்கு வருவோம். வானத்தில் அப்போது கண்கள் இல்லாமல் இல்லை. ஐரோப்பியத் துணைக்கோளான சென்டினல்-5பி 2017 அக்டோபரிலேயே ஏவப்பட்டு, அன்றாடம் உலகத்தின் காற்றைப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. ஆனால் 2019 மார்ச்சில் அதன் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 7 கிலோமீட்டருக்கு மூன்றரை கிலோமீட்டர். நம் ஒன்றரை கிலோமீட்டர் ஆறு, இரண்டு பள்ளிகள், சுற்றியுள்ள தாமான்கள், தொழிற்சாலைகள் எல்லாம் சேர்ந்து அதற்கு ஒரே ஒரு புள்ளி. அதுவும் நாளுக்கு ஒருமுறை, மத்தியானம் ஒன்றரை மணி வாக்கில் கடந்து போகும். லோரி அதுவரை காத்திருக்குமா? தரையில் இருந்த அரசாங்கக் காற்றுக் கண்காணிப்பு நிலையங்களோ புகைமூட்டத்துக்கும் வாகனப் புகைக்கும் பழக்கப்பட்டவை. குறியீட்டுக்குள் வருவது ஆறு: இரண்டு அளவு நுண்துகள்கள், கந்தக டைஆக்சைடு, நைட்ரஜன் டைஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஓசோன். அக்ரோலின் அதில் இல்லை. கேட்காத கேள்விக்குக் கருவி பதில் சொல்வதில்லை.

ஆக, முதல் உணரியாக வேலை செய்தது பள்ளிப் பிள்ளைகளின் மூச்சுக்குழல்.

துணைக்கோளுக்கும் தெரு மூலை நிலையத்துக்கும் இடையே இன்னொரு வகைக் கண் இருக்கிறது. தரையில் நின்றபடி, சில கிலோமீட்டர் தூரத்திலிருந்தே மேகத்தைப் பார்த்து "இது இன்ன வாயு" என்று பெயர் சொல்லும் கண். அது எப்படிப் பிறந்தது என்பதுதான் இந்தத் தொடரில் எனக்கு மிகப் பிடித்த பகுதி. அதில் கல்லுப்பும் சந்தனமும் வருகின்றன.

1859, லண்டன், ராயல் இன்ஸ்டிடியூஷன். ஜான் டிண்டால் என்ற ஐரிஷ்காரர் பித்தளைக் குழாய் ஒன்றைக் கிடைமட்டமாக வைத்திருக்கிறார். இரு முனைகளையும் கண்ணாடியால் அடைக்க முடியாது. கண்ணாடி வெப்பக் கதிரை விடாது. அதனால் கல்லுப்பைச் சீவித் தேய்த்துப் பலகையாக்கி மூடியிருக்கிறார். உப்பு வெப்பத்தை விடும். ஒரு பக்கம் கொதிநீர் நிரப்பிய செப்புப் பெட்டி, மறுபக்கம் வெப்பத்தை மின்சாரமாக்கும் உணரி, அதோடு ஒரு முள். குழாய்க்குள் ஒவ்வொரு வாயுவாக விட்டுப் பார்க்கிறார். ஆக்சிஜனுக்கும் நைட்ரஜனுக்கும் முள் அசையவில்லை. நீராவிக்கும் கரியமில வாயுவுக்கும் துள்ளுகிறது. பிறகு அவருக்கு ஒரு விளையாட்டுப் புத்தி. காகிதத் துண்டுகளைச் சுருட்டி வாசனை எண்ணெயில் தோய்த்து, உலர்ந்த காற்றை அதன் வழியே ஊதி, அந்த மணத்தைக் குழாய்க்குள் அனுப்புகிறார். சந்தனம், கிராம்பு, லாவெண்டர், ரோஜா. எடை பார்க்கக்கூட முடியாத அந்தச் சொற்ப மணமும் வெப்பத்தை மறித்தது; ஒவ்வொரு மணமும் வெவ்வேறு அளவில் மறித்தது.

மூக்கின் வேலையை ஒரு முள் செய்த முதல் நாள் அது என்று நான் நினைப்பதுண்டு.

டிண்டாலுக்கு எவ்வளவு மறிக்கிறது என்று மட்டுமே தெரிந்தது. எந்த அலைநீளத்தில் மறிக்கிறது என்பது 1905இல் அமெரிக்காவின் வில்லியம் கோப்லென்ட்ஸ் வெளியிட்ட நூலில் வந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட சேர்மங்களின் அகச்சிவப்பு நிறமாலைகள், பொறுமையாக ஒவ்வொரு புள்ளியாக அளந்தவை. ஒவ்வொரு மூலக்கூறும் தனக்கென்று சில அலைநீளங்களை மட்டும் விழுங்கும். அந்த விழுங்கும் இடங்களின் வரிசை அதன் கைரேகை.

கைரேகைப் புத்தகம் வந்தாயிற்று. வேகமாகப் படிக்கும் கண் வேண்டும். அதற்கான கருவி ஏற்கெனவே இருந்தது. 1881இல் ஆல்பர்ட் மைக்கல்சன் ஒளியை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை அசையும் கண்ணாடியில் பட்டுத் திரும்ப வைத்து, மீண்டும் ஒன்றாகச் சேர்த்தார். கோயிலில் இரண்டு நாயனம் சுருதி சேராமல் வாசிக்கும்போது ஒலி ஏறி இறங்கி 'வொய்ங் வொய்ங்' என்று அடிக்குமே, அதுபோல ஒளியும் ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்துக்குள் எல்லா அலைநீளங்களும் ஒரே நேரத்தில் ஒளிந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்தெடுக்கக் கணக்குப் போட வேண்டும், அது சாதாரணக் கணக்கல்ல. 1965இல் கூலியும் டூக்கியும் அந்தக் கணக்கை விரைவாகப் போடும் வழியைச் சொன்ன பிறகுதான் இது ஆய்வகத்தை விட்டு வெளியே நடக்கத் தொடங்கியது. ஃபூரியே உருமாற்ற அகச்சிவப்பு நிறமாலைமானி என்று முழுப்பெயர். துறையில் இருப்பவர்கள் எஃப்டிஐஆர் என்று முடித்துக்கொள்வார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

முதலில் கேட்டு வந்தது இராணுவம்தான். 1990களில் அமெரிக்கப் படைகளுக்கு எம்21 என்ற கருவி வந்தது. முக்காலியில் நின்று, தலையைப் படிப்படியாகத் திருப்பி, 5 கிலோமீட்டர் வரை நரம்பு நச்சு மேகம் வருகிறதா என்று பார்க்கும். ஓடும் வண்டியில் வைத்தால் வேலை செய்யாது. நின்றால்தான் கண் தெரியும். ஒரு வேடிக்கை பாருங்கள். 1915 ஏப்ரல் 22 அன்று ஈப்ரில் நச்சுவாயுப் போரைப் பெரிய அளவில் தொடங்கிவைத்தது குளோரின். போர் நச்சைத் தேடிப் பிறந்த இந்தக் கருவிக் குடும்பத்துக்குக் குளோரின் தெரியவே தெரியாது. ஒரே மாதிரியான இரண்டு அணுக்கள் சேர்ந்த மூலக்கூறு அகச்சிவப்பை விழுங்காது. டிண்டாலின் முள் ஆக்சிஜனுக்கு அசையாததும் இதே காரணத்தால்தான். நல்லவேளை, குளோரின் வெறுங்கண்ணுக்கே மஞ்சள் பச்சையாகத் தெரியும்.

படைவீரர்களிடமிருந்து தீயணைப்புக்காரர்களிடம் இதைக் கொண்டுவந்த கதைக்கு ஜெர்மனியின் ஹாம்பர்க்–ஹார்பர்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் போக வேண்டும். ரோலண்ட் ஹாரிக் குழுவினர் எஃப்டிஐஆருக்கு முன்னால் திரும்பும் கண்ணாடியைப் பொருத்தினார்கள். பக்கத்தில் ஒரு சாதாரண வீடியோ கேமரா. கருவி வானத்தைக் கட்டம் கட்டமாக மேயும். எந்தக் கட்டத்தில் தேடும் வாயு அகப்படுகிறதோ, அந்த இடத்தில் வீடியோப் படத்தின்மேல் வண்ணம் பூசும். திரையில் தொழிற்சாலை, புகைபோக்கி, அதற்கு மேல் கண்ணுக்குத் தெரியாத வாயு சிவப்பாகவும் மஞ்சளாகவும் சாய்ந்து போவதைப் பார்க்கலாம். சிஜிஸ் என்று பெயர் வைத்தார்கள். ஜெர்மன் தீயணைப்புப் படைகளின் சிறப்புப் பகுப்பாய்வுக் குழுக்களிடம் இது இருக்கிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையோ 2001 முதல் இதேவகைக் கருவியைச் சிறு விமானத்தில் பறக்கவிடுகிறது.

இப்போது ஒரு கற்பனை. அந்த ஹாம்பர்க் கருவி ஒன்று 2019 மார்ச்சில் கிம் கிம் ஆற்றங்கரையில் நின்றிருந்தால்?

பட்டியலை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்போம். இந்தக் கருவிகள் தாங்களாக ஒளி பாய்ச்சுவதில்லை. மலை, சுவர், வானம் எதுவானாலும் பின்னணி உமிழும் வெப்பக் கதிரை மேகம் எப்படி மாற்றுகிறது என்று மட்டும் பார்க்கும். காற்று ஓரளவு தெளிவாக விடும் சன்னல் 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரை. அதற்குள் கைரேகை இருந்தால் பிடிபடும்.

அக்ரிலோநைட்ரைல் 10.5இல் அழுத்தமாக இருக்கிறது. நல்லது. அக்ரோலின் 10.4. அதுவும் சன்னலுக்குள்தான், ஆனால் இருவரும் பக்கத்து வீட்டுக்காரர்கள். போதாததற்குத் தொழிற்பேட்டைகளில் சகஜமான அம்மோனியாவும் 10.3இலும் 10.7இலும் குடியிருக்கிறது. கூட்டத்தில் முகம் பிரிக்க நல்ல மென்பொருள் வேண்டும். ஹைட்ரஜன் குளோரைடு மூன்றரையில் இருப்பதால் சன்னலுக்கு வெளியே. பென்சீனின் பெரிய கைரேகை 14.8; அங்கே 15இல் கரியமில வாயு கதவை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. புற்றுநோய்ப் பயத்தால் ஊர் அதிகம் கேட்ட பெயரைத் தொலைவிலிருந்து பார்ப்பதுதான் மிகக் கடினம்.

அடுத்த தொல்லை நம் ஊர்க் காற்று. 30 பாகை வெப்பத்தில் ஈரப்பதம் 80 விழுக்காடு என்றால் ஒரு கனமீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீராவி. ஹாம்பர்க் குளிர்காலத்தில், 5 பாகையில், காற்று முழுக்க நனைந்திருந்தாலும் 7 கிராமைத் தாண்டாது. நீராவி அந்தச் சன்னலில் திரை போடும். அதோடு மேகத்தின் வெப்பமும் பின்னணியின் வெப்பமும் ஒன்றாகிவிட்டால் கருவிக்கு எதுவுமே தெரியாது. வெள்ளைச் சுவரில் சுண்ணாம்பால் எழுதிய எழுத்து மாதிரி. இரவும் பகலும் ஏறத்தாழ ஒரே வெம்மையில் கிடக்கும் ஜொகூரில் அந்த வேற்றுமை சிக்கனமாகத்தான் கிடைக்கும். வெட்டவெளி வானத்தைப் பின்னணியாக வைத்துப் பார்த்தால் கொஞ்சம் தேறும்.

இன்னொன்று. கருவி தரும் எண் வெறும் அடர்த்தி இல்லை. அடர்த்தியை மேகத்தின் கனத்தால் பெருக்கியது. ஒரு மீட்டர் கனத்தில் கெட்டியான மேகமும் நூறு மீட்டர் கனத்தில் நீர்த்த மேகமும் அதற்கு ஒன்றே. மூச்சு விடுகிறவனுக்கு ஒன்றாகுமா? இதைப் பிரிக்க வேண்டுமானால் வேறு திசையிலிருந்து பார்க்கும் இரண்டாவது கருவி வேண்டும். அக்ரோலின் போன்ற ஒன்று 0.1 பங்கில் ஐம்பது மீட்டர் பரவி நின்றால் பெருக்கல் விடை வெறும் 5. அந்த அளவில் கருவி திணறும், மனிதக் கண்ணோ எரியத் தொடங்கிவிடும்.

பின் எதற்கு இந்தக் கண் என்று கேட்கலாம். என் பதில் பட்டியலின் கடைசிப் பெயரில் இருக்கிறது. லிமோனீன். ஆரஞ்சுத் தோலை விரலால் நசுக்கினால் தெறிக்குமே, அந்த வாசனை. நச்சுப் பட்டியலில் ஆரஞ்சு வாசனைக்கு என்ன வேலை? பழைய டயரைக் காற்றுப் புகாமல் சூடாக்கி எண்ணெய் வடிக்கும்போது, அதில் உள்ள இயற்கை ரப்பரின் நீண்ட மூலக்கூறு துண்டுதுண்டாக உடைகிறது. உடைந்த துண்டுகள் இரண்டிரண்டாகக் கைகோத்தால் லிமோனீன். அந்த நாட்களில் பழைய டயர் எண்ணெய் பற்றிய பேச்சு அடிபட்டதும் உண்டு. கரைப்பான்களிலும் துப்புரவுத் திரவங்களிலும் லிமோனீன் வரும் என்பதால் இதை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. துப்பாக எடுத்துக்கொள்ளலாம். மேகத்தின் விளிம்பு எங்கே என்று காட்டுவதைவிட, அதற்குள் யார் யார் ஒன்றாக நடக்கிறார்கள் என்று சொல்வதில்தான் இந்தக் கருவியின் பெறுமதி. தனிப் பெயர் எதையும் காட்டிக்கொடுக்காது, கூட்டணி காட்டிக்கொடுக்கும். நம் பாட்டிமார் சீவிய மரத்தின் பால் டயராகி, தேய்ந்து, எண்ணெயாகிக் கடைசியில் ஒரு வாசனையாகத் திரும்பி வரக்கூடும் என்பதைப் படித்த அன்று வெகுநேரம் வேறு வேலை ஓடவில்லை.

நடந்தது என்ன என்றால், தீயணைப்பு மீட்புத் துறையில் அபாயப் பொருள்களைக் கையாளும் ஹஸ்மட் குழுக்கள் மேகத்துக்குள் நடந்துபோய்த்தான் அளந்தார்கள். முழுக்கவசம், முதுகில் காற்றுப் புட்டி, கையில் உறிஞ்சுகுழல் வைத்த கருவி. ஜொகூர் வெயிலில் அந்த உடுப்புக்குள் ஒரு மனிதன் எவ்வளவு நேரம் நிற்க முடியும் என்று யோசித்துப் பாருங்கள். தொலையுணர்வு என்ற சொல்லில் இருக்கும் 'தொலை' யாருக்காக என்பது அப்போது புரியும்.

அந்த ஆண்டு அத்தோடு விடவில்லை. ஜூன் 20 அன்று பாசிர் கூடாங் பிள்ளைகளுக்கு மறுபடியும் மூச்சு முட்டியது. பாலர் பள்ளிகள் உட்பட 475 கல்விக்கூடங்கள் மூடப்பட்டன. இம்முறை பட்டியலில் ஒரு புதுப்பெயர் சேர்ந்தது: மெத்தில் மெர்காப்டன். அழுகிய முட்டைகோஸ் நாற்றம். அகச்சிவப்பில் மிகமிக மங்கலாகத் தெரியும் இதை, நூறு கோடியில் ஒன்றிரண்டு பங்கு இருந்தாலே மனித மூக்கு கண்டுபிடித்துவிடும். இதன் அண்ணன் எத்தில் மெர்காப்டனைத்தான் வாசனையே இல்லாத சமையல் வாயுவில் வேண்டுமென்றே கலக்கிறார்கள், கசிந்தால் வீட்டிலிருப்பவர்களுக்குத் தெரியட்டும் என்று. பிறகு சுற்றுச்சூழல் துறை, ஆவியாகும் கரிமச் சேர்மங்களைத் தொடர்ந்து அளக்கும் உணரிகளைப் பாசிர் கூடாங்கில் நிறுவியது. அவை நின்ற இடத்தில் நின்று, தங்களைத் தேடி வரும் காற்றை மட்டும் முகர்கின்றன.

பின்னணிக்காகக் காத்திருக்காமல், தானே ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வரும் எதிரொளியில் மேகத்தின் தூரத்தையும் கனத்தையும் சேர்த்தே அளக்கும் ஒரு கருவி இதற்குள் வேறிடத்தில் வளர்ந்துகொண்டிருந்தது. லேசர் காற்றுக்குள் நுழைந்த கதை அடுத்த வாரம்.